கழிவும் கட்டடமும்: புத்தளக் கரையோரத்தை முன்னிறுத்திச் சில சிந்தனைகள்

பழந்தமிழில் ‘குப்பை’ என்னுஞ் சொல்லின் முதற்பொருள் குவியல் என்பதே. நெல்லின் குவியலும் உப்பின் குவியலும் அச்சொல்லாற் சுட்டப்பெற்றன. குவிந்து கிடப்பது செல்வமா, அகற்றப்பட வேண்டிய அழுக்கா என்பதை அச்சொல் தன்னளவில் தீர்மானிப்பதில்லை. அதனைத் தீர்மானிப்பது அக்குவியலோடு மனிதர் கொள்ளும் உறவேயாகும். இன்று புத்தளத்து உப்பளங்களில் வெண்மையாகக் குவிந்து கிடப்பதும், கற்பிட்டிக் குடாநாட்டின் நுரைச்சோலையிலே சாம்பல் நிறமாகக் குவிந்து கிடப்பதும், கொழும்பிலிருந்து அருவக்காட்டுச் சுண்ணாம்புக்கற் குழிகளை நாடி வந்ததும் குவியல்களே. முதலாவதை விளைபொருள் என்கிறோம். இரண்டாவதைச் சிலபோது கழிவு என்றும் சிலபோது மூலப்பொருள் என்றும் அழைக்கிறோம். மூன்றாவதைக் குப்பை என்கிறோம். இப்பெயர்கள் எவ்வாறு இடப்படுகின்றன, இடுபவர் யாவர், அவற்றின் சுமையைத் தாங்குபவர் யாவர் என்பனவே இக்கட்டுரையில் நாம் நோக்க விழையும் வினாக்கள்.

இலக்கிய ஆய்வினைத் தொழிலாகக் கொண்ட நாம் சீமெந்தையும் சாம்பலையும் பற்றி எழுதப் புகுவது சிலருக்கு வியப்பளிக்கலாம். ஆயின், சொல்லின் பொருள் சமூக உறவுகளாற் பிறக்கின்றது என்பதை ஏற்றுக்கொண்டபின், பொருளின் பொருள் அவ்வாறே பிறக்கின்றது என்பதை மறுத்தல் இயலாது.

கழிவுப்பொருள்களை மீளப் பயன்படுத்திக் கட்டடங்களை அமைத்தல் என்பது அண்மைக்காலத்தில் ‘வட்டப் பொருளாதாரம்’ என்னும் பெருங்கருத்தின் ஒரு கூறாகப் பேசப்பட்டு வருகின்றது. தோண்டி எடுத்தல், ஆக்குதல், பயன்படுத்தி எறிதல் என நேர்கோட்டிற் செல்லும் இன்றைய உற்பத்தி முறையினை வளைத்து, எறியப்படுவதை மீண்டும் ஆக்கத்தின் வாயிலிற் கொண்டுவந்து நிறுத்துவதே அக்கருத்தின் சாரம். கட்டடத்துறையில் இதற்கு இரு வழிகள் உள. ஒன்று, ஏனைய தொழில்களின் கழிவைக் கட்டடப்பொருளாக ஆக்குதல். மற்றது, கட்டடத்தையே பின்னர்க் கழற்றிப் பிரித்து எடுக்கத்தக்கதாகத் தொடக்கத்திலேயே வடிவமைத்தல். இவ்விரண்டும் புதியன போல முன்வைக்கப்படுகின்றனவெனினும் உண்மையிற் புதியனவல்ல. மார்க்ஸின் ‘மூலதனம்’ மூன்றாம் தொகுதியில், ஏங்கெல்ஸ் 1894இல் வெளியிட்ட அந்நூலின் ஐந்தாம் அதிகாரத்தில், உற்பத்தியின் கழிவுகளைப் பயன்படுத்துதல் பற்றித் தனிப் பகுதியொன்று உண்டு. கழிவு பேரளவிற் சேருதல், இயந்திரங்கள் மேம்படுதல், விஞ்ஞானம், சிறப்பாக இரசாயனம், வளர்தல் ஆகியவையே கழிவைப் பண்டமாக்கும் நிபந்தனைகள் என்று மார்க்ஸ் அங்கு காட்டுகின்றார். நிலக்கரித் தாரிலிருந்து சாயம் பிறந்தமை அவர் தரும் எடுத்துக்காட்டுகளுள் ஒன்று. அதே பகுதியில், இலண்டன் மக்களின் கழிவு வயலுக்கு எருவாகாது பெருஞ்செலவிலே தேம்ஸ் நதியைக் கெடுப்பதையும் அவர் குறிப்பிடத் தவறவில்லை. முதலாளித்துவம் இலாபம் கண்ட இடத்திற் கழிவை வளைத்துக்கொள்ளும்; இலாபம் காணாத இடத்தில் ஆற்றிலே கொட்டும் என்பது அவ்விரு எடுத்துக்காட்டுகளையும் அருகருகே வைத்து நோக்கும்போது தெளிவாகும்.

இனிப் புத்தளக் கரைக்கு வருவோம்.

இப்ன் பதூதா 1344ஆம் ஆண்டளவில் இக்கரையில் வந்திறங்கியபோது, ஆரியச் சக்கரவர்த்தி தங்கியிருந்த ஊர் மரத்தாலான மதிலும் மரத்தாலான கோபுரங்களும் சூழ்ந்திருந்ததாக எழுதிச் சென்றுள்ளார். வெள்ளம் அடித்துக்கொண்டு வந்த கறுவா மரங்கள் கரையெங்கும் குன்றுகளாகக் குவிந்து கிடந்ததையும் அவர் கண்டார். ஆற்றின் எச்சம் அக்காலத்தில் அரசனின் வாணிகச் சரக்காயிற்று. மூன்று நூற்றாண்டுகளின் பின்னர், 1667 முதல் 1676 வரையான காலத்தில் ஒல்லாந்தர் கற்பிட்டியிற் கட்டிய கோட்டைக்கு முருகைக்கல் பயன்பட்டது. கடல் தந்ததைச் சுட்டுச் சுண்ணாம்பாக்கி, அச்சுண்ணாம்பாலேயே கடற்கல்லைப் பிணைத்த முறை அது. சுண்ணாம்புச் சாந்தின் சிறப்பு யாதெனில், அது தான் பிணைக்கும் கல்லைவிட மென்மையானது. ஆதலின் பழஞ்சுவரை இடிக்கும்போது கல் முழுமையாகக் கழன்று வரும். மீண்டும் வேறொரு சுவருக்கு உதவும். சீமெந்துச் சாந்தோ செங்கல்லைவிட வலியது. சுவரைப் பிரிக்க முயன்றாற் கல் உடையும், சாந்து உடையாது. வலிமை என்று நாம் புகழும் பண்பே மீள்பயன்பாட்டுக்குத் தடையாகி நிற்பதை இவ்விடத்துக் காண்கிறோம்.

கோட்டை அதிகாரத்தின் கட்டடம். மக்களின் கட்டடம் கிடுகு வீடு. தென்னை முக்கோணத்தின் மேற்கு முனையாகிய இம்மாவட்டத்தில் வீட்டுக்கு வேண்டிய யாவும் ஒரே மரத்தின் கழிவிலிருந்து வந்தன என்று சொன்னால் அது மிகையன்று. விழுந்த ஓலையைப் பிளந்து, நீரிலே நாட்கணக்கில் ஊறவிட்டுப் பின்னியெடுப்பது கிடுகு. காய்க்கும் பருவம் கடந்த தென்னையின் புறவைரம் கைமரமும் சிலாகையும் ஆயிற்று. மட்டையின் தும்பு கயிறாகிக் கூரையைக் கட்டிற்று. ஓரிரு மாரிகளின் பின்னர் உக்கிய கிடுகு தென்னையின் அடிக்கே எருவாயிற்று, அன்றேல் அடுப்பெரித்தது. வட்டப் பொருளாதாரத்தின் இலக்கணம் முழுவதும் இதில் அடங்கியிருக்கின்றது. எனினும் இதனை எவரும் அப்பெயரால் அழைத்ததில்லை. வறுமை என்றே அழைத்தனர். அவ்வாறு அழைத்ததிலும் உண்மை இல்லாமலில்லை. கிடுகு பின்னுதல் பெரும்பாலும் பெண்களின் உழைப்பு, அதுவும் கூலி குறைந்த உழைப்பு. ஆண்டுதோறும் கூரை மாற்ற வேண்டிய வீடு, ஆண்டுதோறும் அவ்வுழைப்பைக் கோரும் வீடு. தீப்பொறி ஒன்று போதும், வரிசை முழுவதும் சாம்பலாகும். கிராமியப் பழமையைக் கண்ணீர் மல்கப் போற்றும் நம் எழுத்தாளர் சிலர், மாரி காலத்தில் ஒழுகும் கூரையின்கீழ் ஓரிரவைக் கழித்திருப்பரேல் வேறுவிதமாக எழுதியிருப்பர்.

தென்னையைப் பற்றி மேலும் ஒன்று கூறவேண்டும். மாதம்பை, தங்கொட்டுவைப் பகுதித் தும்பு ஆலைகளின் புறத்தே தும்புச்சோறு மலைபோலக் குவிந்து கிடந்த காலம் ஒன்றிருந்தது. எவரும் அதனை ஏறெடுத்துப் பார்த்ததில்லை. பின்னர் ஐரோப்பாவின் கண்ணாடிக்கூடத் தோட்டங்கள் மண்ணுக்குப் பதிலாக அதனை வேண்டத் தொடங்கியதும் அதுவே ஏற்றுமதிப் பண்டமாயிற்று. தும்புச்சோற்றின் இயல்பில் எம்மாற்றமும் நிகழவில்லை; நீரை ஈர்த்து வைத்திருக்கும் அதன் தன்மை முன்னரும் இருந்ததே. மாறியது சந்தை. கழிவு என்பது பொருளின் குணமன்று, சமூக உறவே என நாம் மேலே கூறியதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

நுரைச்சோலைச் சாம்பலை இவ்வொளியிலேயே நோக்குதல் வேண்டும். சீனக் கடனுதவியோடு எழுப்பப்பட்ட லக்விஜய அனல் மின்நிலையத்தின் முதலாம் பிரிவு 2011இலும் ஏனைய இரண்டும் 2014இலும் இயங்கத் தொடங்கின. பிரிவொன்று 300 மெகாவாற்றாக மொத்தம் 900 மெகாவாற். இதற்கென ஆண்டுதோறும் இருபது இலட்சம் தொன்னுக்கு மேற்பட்ட நிலக்கரி கப்பலிலே வந்திறங்குகின்றது. எரியும் கரியில் எரியாது எஞ்சுவது சாம்பல். அதிற் கனமானது உலையின் அடியிற் படியும், அது அடிச்சாம்பல். பெரும்பங்காகிய நுண்துகள் புகையோடு எழும்போது மின்னேற்றத்தால் ஈர்த்துப் பிடிக்கப்படுகின்றது; அது பறக்கும் சாம்பல், அதாவது எரிசாம்பல்.

இவ்வெரிசாம்பலின் இரசாயனம் சுவையானது. அதிற் பெரும்பகுதி கண்ணாடித் தன்மையுடைய சிலிக்காவும் அலுமினாவும். தனித்து நீரோடு கலந்தால் அது இறுகுவதில்லை. ஆயின் சாதாரணச் சீமெந்து நீரேற்று இறுகும்போது கல்சியம் ஐதரொட்சைட்டு என்னும் சுண்ணாம்பு உபரியாகத் தோன்றுகின்றது. கொங்கிறீற்றுக்கு அதனால் வலிமை இல்லை, நீரிற் கரைந்து வெளியேறுவதும் உண்டு. சாம்பல் இவ்வுபரிச் சுண்ணாம்போடு வினைபுரிந்து, சீமெந்துக்கு வலிமை தரும் அதே பசையை மேலும் உண்டாக்குகின்றது. ஒரு கழிவு மற்றொரு கழிவைக் கண்டு கல்லாகின்றது எனலாம். உரோமர் நேப்பிள்ஸுக்கு அருகிலுள்ள எரிமலைச் சாம்பலைச் சுண்ணாம்போடு கலந்து துறைமுகங்கள் கட்டியதும் இதே வினையைக் கொண்டே. சீமெந்தில் ஐந்திலொரு பங்கு முதல் மூன்றிலொரு பங்கு வரை சாம்பலால் ஈடுசெய்தல் இன்று பல நாடுகளிலும் வழக்கமாகிவிட்டது. இதன் பயன் சிறிதன்று. சீமெந்துக்குரிய கிளிங்கரை ஏறத்தாழ 1,450 பாகை செல்சியசில் சுடவேண்டும். அவ்வாறு சுடும்போது எரிபொருள் வெளிவிடுவது ஒருபுறமிருக்க, நூறு தொன் தூய சுண்ணாம்புக்கல்லில் 44 தொன் காபனீரொட்சைட்டாக வானேறுகின்றது. உலகம் வெளிவிடும் காபனீரொட்சைட்டில் ஏறத்தாழ நூற்றுக்கு ஏழு எட்டுப் பங்கு சீமெந்துத் தொழிலினது. சாம்பல் சேரும் அளவுக்குக் கிளிங்கர் குறையும். கிளிங்கர் குறையும் அளவுக்கு இவையும் குறையும்.

கரையோரக் கட்டடத்துக்குச் சிறப்பாக இது உகந்தது. உப்புக்காற்றின் குளோரைட்டு கொங்கிறீற்றின் நுண்துளை வழியே புகுந்து உள்ளிருக்கும் இரும்பைத் துருப்பிடிக்கச் செய்வதே கடலோர வீடுகளின் தீராநோய். சாம்பல் சேர்ந்த கொங்கிறீற் காலப்போக்கில் அத்துளைகளை இறுக்கிவிடுகின்றது. ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. அதன் தொடக்க வலிமை மெதுவாகவே ஏறும். கூடுதலான நாட்களுக்கு நீர் ஊற்றி ஈரமாக வைத்திருத்தல் வேண்டும். தாங்குபலகைகளை அவசரமாகக் கழற்றலாகாது. நாட்கூலிக்கு வேலை செய்யும் மேசனையும், அடுத்த வேலைக்குப் பலகையை எடுத்துச் செல்லத் துடிக்கும் ஒப்பந்தக்காரனையும் எண்ணிப் பாருங்கள். கற்பிட்டிக் குடாநாட்டின் மணலடி நன்னீரோ உப்புநீரின்மேல் மிதக்கும் மெல்லிய படலம். மரக்கறித் தோட்டங்களும் குடிநீர்க் கிணறுகளும் அதனையே நம்பியுள்ளன. பொறியியல் நூலிற் காணப்படும் சிறப்பு, கூலியுறவின் அவசரத்திலும் நீரின் பற்றாக்குறையிலும் தேய்ந்துபோகின்றது. கட்டடப்பொருளை ஆய்வுகூடத்தில் மட்டும் சோதித்துவிட்டு நல்லது என்று முத்திரையிடுவோர் இதனைக் கருத்திற் கொள்வதில்லை.

சாம்பலிற் கணிசமான பங்கு சீமெந்து நிறுவனங்களுக்குச் செல்கின்றது. நாட்டில் விற்பனையாகும் கலப்புச் சீமெந்தில் அது சேர்கின்றது. சென்று சேராதது மின்நிலைய வளவில் திறந்த வெளியிற் குவிகின்றது. சோளகக் காற்று வீசும் மாதங்களில் இக்குடாநாட்டின் காற்றின் வேகம் நாடறிந்தது. கரியின் தூசும் சாம்பலின் தூசும் அயற்கிராமங்களின் கூரைகளிலும் வெங்காயப் பாத்திகளிலும் கிணறுகளிலும் படிவதாக அப்பகுதி விவசாயிகளும் மீனவர்களும் ஆண்டாண்டாக முறையிட்டு வந்துள்ளனர். நாம் அங்கு சென்றிருந்தபோது திண்ணையை விரலால் தடவிக் காட்டாத வீட்டினர் அரிதாகவே இருந்தனர். இவ்வாறு ஒரே சாம்பல், பைக்குள் அடைபட்டபோது பண்டமாகின்றது; காற்றிற் பறந்தபோது எவருக்கும் உரியதன்றாகின்றது. பண்டத்தின் விலை ஏட்டிற் பதியப்படுகின்றது. பறந்ததன் விலை சுவாசப்பையிற் பதிகின்றது. வட்டப் பொருளாதாரம் பற்றிய கணக்குகளிற் பெரும்பாலானவை முதலாவது ஏட்டை மட்டுமே வாசிக்கின்றன.

தமிழகத்து எண்ணூரின் அனுபவமும் இங்கு ஒப்புநோக்கத்தக்கது. இந்திய நடுவண் அரசு 1999இலேயே, அனல் மின்நிலையங்களைச் சுற்றி 50 கிலோமீற்றர் ஆரத்துக்குட்பட்ட செங்கற் சூளைகள் சாம்பலைக் கலந்தே கல் அறுக்கவேண்டும் என அறிவித்தது. சட்டம் இருந்தது, ஆயினும் சாம்பற் குழம்பு கொசத்தலை ஆற்றிற் கலந்து மீன்பாட்டைக் கெடுப்பது நிற்கவில்லை. எண்ணூர்க் கழிமுகத்தைப் பற்றி 2017இல் ரி. எம். கிருஷ்ணா பாடிய ‘பொறம்போக்கு’ப் பாடல் பரவலாகக் கேட்கப்பட்டது. ஊருக்குப் பொதுவான நிலத்தைக் குறித்த அச்சொல் காலப்போக்கில் வசைச்சொல்லாகத் தாழ்ந்த வரலாறும், நாம் தொடக்கத்திற் கூறிய ‘குப்பை’யின் வரலாறும் ஒரே திசையிற் செல்வன. பொதுவுடைமை இழிவாகின்றபோது அதன் சொல்லும் இழிவாகின்றது.

பாலாவிச் சீமெந்துத் தொழிற்சாலையை நோக்கின் வட்டம் இன்னும் தெளிவாகப் புலப்படும். அரச கூட்டுத்தாபனத்தின்கீழ் எழுந்த அத்தொழிற்சாலை 1990களில் தனியார்மயமாகி, பன்னாட்டு நிறுவனங்களின் கை மாறி, 2016 முதல் தாய்லாந்தின் சியாம் சிற்றி சீமெந்து நிறுவனத்தின் உடைமையாயிற்று. அதற்கான சுண்ணாம்புக்கல் அருவக்காட்டிலே தோண்டப்பட்டுப் புகையிரதப் பாதை வழியே வருகின்றது. அதன் சூளையிற் பழைய டயரும் ஆலைக் கழிவும் எரிபொருளாக இடப்படுகின்றன. அவ்வெப்பநிலையில் அவை எரிந்தொழிவதும், எஞ்சும் சாம்பல் கிளிங்கரிலேயே கலந்துவிடுவதும் மெய்யே. முறையாக இயக்கப்படின் இது திறந்த வெளியில் எரிப்பதைவிட மேலானது என்பதையும் மறுக்கவேண்டியதில்லை.

இவ்வாறு ஆன சீமெந்து கொழும்புக்குச் சென்று மாடமாளிகைகளாயிற்று. கொழும்பின் குப்பை எங்கே சென்றது? புளூமண்டாலிலே கொட்டினர், 2009இல் அது மூடப்பட்டதும் மீதொட்டமுல்லையில் மலையாக்கினர். 2017 ஏப்பிரல் 14ஆந் திகதி, புத்தாண்டு நாளில், அம்மலை சரிந்து 32 உயிர்களைப் பலிகொண்டது. இறந்தோர் அம்மலையடியில் வாழ்ந்த உழைக்கும் மக்கள். அதன் பின்னர் அருவக்காட்டுத் திட்டம் விரைவுபடுத்தப்பட்டது: களனியிலிருந்து ஏறத்தாழ 170 கிலோமீற்றர் புகையிரதத்திலே கொண்டுவந்து, சுண்ணாம்புக்கல் தோண்டிய குழிகளருகே குப்பையைப் புதைப்பது. வில்பத்துக் காடும் புத்தளக் கடனீரேரியும் அயலிலே உள்ளன. புத்தளம் மக்கள் 2018இன் பிற்பகுதியிலிருந்து நூறு நாட்களுக்கு மேலாகச் சத்தியாக்கிரகம் இருந்தனர். தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் ஒன்றாக அமர்ந்த அப்போராட்டம், இன அடிப்படையிலேயே யாவற்றையும் எண்ணப் பழகிவிட்ட எமது அரசியலுக்கு ஒரு பாடமாக இருந்திருக்கலாம். அது போதிய அளவு கவனிக்கப்படவில்லை. 2019இல் குப்பை வந்தது.

புவியியற் படத்திலே இது நிறைவானதொரு வட்டம்தான்: குழியிலிருந்து கல் தலைநகருக்குப் போயிற்று, தலைநகரின் எச்சம் குழிக்குத் திரும்பிற்று. ஆனால் போனது மதிப்பு, திரும்பியது மதிப்பின் கழிவு. ஏங்கெல்ஸ் 1872இல் வீட்டுப் பிரச்சினை பற்றி எழுதியபோது, முதலாளி வர்க்கம் அப்பிரச்சினையைத் தீர்ப்பதில்லை, இடம்பெயர்க்கின்றது என்றே வாதிட்டார். குப்பைப் பிரச்சினைக்கும் அது முற்றிலும் பொருந்தும்.

இடம்பெயர்வு என்ற சொல் புத்தளத்தில் வெறும் உருவகமன்று. 1990 ஒக்ரோபரில் விடுதலைப் புலிகளால் வடமாகாணத்திலிருந்து வெளியேற்றப்பட்ட ஏறத்தாழ 75,000 முஸ்லிம்களுட் பெரும்பாலோர் இம்மாவட்டத்திலேயே தஞ்சமடைந்தனர். உடுத்த துணியோடு வந்தவர்களுக்குத் தென்னந்தோட்டங்களின் நடுவே கிடைத்தது கிடுகுக் குடிசை. தற்காலிகம் எனப்பட்ட அக்குடிசைகளிற் பதினைந்து, இருபது ஆண்டுகள் கழிந்தன. கிடுகை எத்தனை முறை மாற்றியிருப்பர் என்பதை வாசகர் கணக்கிட்டுக் கொள்ளலாம். 2007 முதல் உலக வங்கியின் நிதியுதவியோடு, வீட்டுரிமையாளர் தாமே கட்டும் முறையிற் சீமெந்துக்கல் வீடுகள் எழுந்தன. அம்மக்களைப் பொறுத்தவரை சீமெந்துக்கல் என்பது வெறும் சுவர்ப்பொருள் அன்று. ‘இனி எம்மை எவரும் எழுப்ப முடியாது’ என்பதன் உருவம் அது. அவர்களிடம் சென்று, இயற்கைக்கு இசைந்தது கிடுகும் மண்ணுமே எனப் பசுமைக் கட்டடக்கலை பேசுவோர் தம் செவிக்குக் கிடைக்கும் விடையை ஏற்க ஆயத்தமாகச் செல்வது நன்று.

இதே பழம்பொருள், வர்க்கம் மாறும்போது வேறு பெயர் பெறுவதையும் காணலாம். ஜெஃப்ரி பாவா, இடிக்கப்பட்ட வீடுகளின் கதவுகளையும் தூண்களையும் தம் கட்டடங்களிற் பொருத்தியபோது அது கலை எனப்பட்டது, கலையாகவும் இருந்தது. 1960களின் தொடக்கத்திற் கொழும்பில் அவர் கட்டிய ஏனா டி சில்வாவின் வீடு, பின்னாளிற் கல்லுக்குக் கல் இலக்கமிட்டுக் கழற்றப்பட்டு லுணுகங்கையில் மீள எழுப்பப்பட்டது. ஒரு வீட்டைப் பிரித்தெடுத்து மீளக் கட்டலாம் என்பதற்கு இந்நாட்டில் இதைவிட நுட்பமான சான்று இல்லை. மீனவக் குடியிருப்பில் ஒருவர் பழைய தகரத்தையும் படகுப் பலகையையும் பொருத்தி வீடு கட்டினால் அது சேரி எனப்படுகின்றது. அவரும் அதே செயலையே செய்கின்றார், இலக்கமிடுவதற்கு ஆளின்றி.

எம் தரப்பின் பிழையையும் இங்கு ஒப்புக்கொள்ளுதல் முறை. முற்போக்கு இலக்கியம் நெடுங்காலம் ஆலைப் புகைபோக்கியை முன்னேற்றத்தின் கொடியாகக் கண்டது. உடைமை மாறினாற் போதும், புகையும் மக்களுடையதாகிவிடும் என்பது போல எழுதியவர் பலர். நுரைச்சோலை அரச உடைமை. அதன் தூசு அதனாற் குறையவில்லை. உடைமையோடு, உற்பத்தியின் மீது அயலில் வாழ்வோருக்குள்ள கட்டுப்பாடும் சேர்த்தே கேட்கப்பட வேண்டும்.

இன்னுமொரு முரண்பாடு எஞ்சியுள்ளது. சாம்பலை நம்பிய வட்டம் கரி எரியும் வரைதான் சுழலும். கரியைக் கைவிடுவதே காலநிலைக்கு வேண்டியதெனின், சீமெந்துத் தொழில் வேறொரு துணைப்பொருளை நாடவேண்டியிருக்கும். சுட்ட களிமண்ணையும் சுடாத சுண்ணாம்புக்கல்லையும் கிளிங்கரோடு கலக்கும் முறை இப்போது பல நாடுகளிற் கையாளப்படுகின்றது. அதற்கும் கல் வேண்டும். அதற்கும் குழி தோண்டப்படும். ஏற்கெனவே குவிந்துள்ள சாம்பலோ அங்கேயே கிடக்கும். அடிச்சாம்பலை மணலுக்குப் பதிலாகச் சேர்த்துச் சீமெந்துக்கல் அரியலாம் என்பது அறியப்பட்டதே. பெருநிறுவனங்களுக்குச் செல்லும் சாம்பலில் ஒரு பங்கினை, அத்தூசைச் சுவாசிக்கும் கிராமங்களில் கல் அரிந்து பிழைப்போரின் கூட்டுறவுகளுக்கு, பார உலோகச் சோதனை செய்து, ஏற்றுகூலி மட்டும் பெற்று வழங்குவதற்கு இரசாயனம் தடையாக நிற்கவில்லை.

புத்தளத்தின் மீள்குடியேற்றக் கிராமங்களினூடே செல்பவர் ஒன்றைக் கவனிக்கலாம். முன்புறம் சீமெந்துக்கற் சுவரும் அஸ்பெஸ்ரஸ் கூரையுமாக வீடு நிற்கும். உடைந்தால் நாராகப் பறந்து நோய் விளைக்கும் அக்கூரையை மீளப் பயன்படுத்தும் வழி எதுவுமில்லை. நண்பகலில் அதன்கீழ் இருக்க முடியாத வெக்கை. பின்புறத்தே, அவ்வீட்டோடு ஒட்டியவாறு, கிடுகால் வேய்ந்த குசினி ஒன்று நிற்கும். பகற்பொழுதிற் குடும்பம் முழுவதும் அங்கேதான் இருக்கும். அக்கிடுகு இப்போது விலைக்கு வாங்கப்படுகின்றது.